நிமிஷத்துக்கு அறுபது

என் மகள் என்ன வேலை செய்கிறாள் என்று யாராவது கேட்டால், "பாட்டுப் போடுகிறாள்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். அதற்கு மேல் விளக்கப் போனால் எனக்கே கோபம் வரும். அவள் பாடுகிறவளும் இல்லை, வாசிக்கிறவளும் இல்லை. எவனோ செய்து வைத்த டெக்னோ என்ற டொம்மு டொம்மு சத்தத்தை எடுத்துக்கொள்வாள். ஒன்று முடிவதற்குள் இன்னொன்றை அதன் மேல் ஏற்றி, ஆடுகிற கூட்டம் நிற்காதபடி பார்த்துக்கொள்வாள். அதற்கு டிஜே என்று பெயர். முப்பத்து மூன்று வயது. நாற்பது வருடம் லேத்தின் முன்னால் நின்று இரும்பு கடைந்தவனுக்குப் பிறந்தவள்.

ஒரு வியாழக்கிழமை காலை லேப்டாப்பும் கறுப்புப் பெட்டியுமாக வந்து நின்றாள். அதற்கு முன் வந்துபோய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. செருப்பைக் கழற்றிய அவசரத்திலேயே தெரிந்துவிட்டது, என்னைப் பார்க்க வரவில்லை என்று.

"அப்பா, அம்மா டேப் வேணும்."

"எதுக்கு?"

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஒரு செட் இருக்கு, ஒரு மணி நேரம் நான் நிறுத்தாம போடணும். அதுல அம்மா குரலைப் போடணும்."

"உங்கம்மா என்ன உனக்கு மேளமா?"

சமையலறையிலிருந்து என் தங்கை குரல் கொடுத்தாள். புருஷன் போன பிறகு எங்களோடேயே இருப்பவள். "வந்தவளுக்கு ஒரு வாய் தண்ணி குடுக்கறதுக்குள்ள ஆரம்பிச்சாச்சா? ரெண்டு பேரும் உக்காந்து சண்டை போடுங்க, கால் வலிக்கும்."

அந்த டேப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் மகள் சின்னப் பெண்ணாக இருந்தபோது நான் நாலு வருடம் கடல் தாண்டிப் போய் ஒரு கப்பல் கட்டும் பட்டறையில் வேலை செய்தேன். எனக்குப் படிப்பு ஐந்தாவதோடு சரி. கடிதம் வந்தால் எவனிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டும். என் பெண்டாட்டி எனக்கு எழுதியதை இன்னொருவன் வாயால் கேட்க எனக்கு இஷ்டமில்லை. அதனால் கேசட். அவள் பேசி அனுப்புவாள். நான் கேட்டுவிட்டு, அதன் மேலேயே என் பதிலைப் பேசித் திருப்பி அனுப்புவேன். அவள் அதன் மேலே மறுபடி பேசுவாள். இன்னொரு கேசட் வாங்கலாம் என்று இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. நாலு வருடப் பேச்சை நாங்களே மாற்றி மாற்றி அழித்தோம். கடைசியாக அவள் அனுப்பியது மட்டும் தப்பியது. அதற்குப் பதில் பேசுவதற்குள் வேலை முடிந்து நானே வந்து இறங்கிவிட்டேன்.

பன்னிரண்டு நிமிடம். சமையலறையில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டே பேசியிருக்கிறாள். கத்தி பலகையில் படும் சத்தம் கேட்கும். தலைக்கு மேலே சுவர்க் கடிகாரம் அடிக்கும். மகளுக்கு முன்பல் விழுந்தது, மாடியில் தண்ணீர் தேங்குவது, இப்படி. அடுத்து என்ன சொல்வது என்று மறந்துபோனால் ஏதோ ஒரு மெட்டை முனகுவாள். பிறகு "வேற என்ன" என்பாள். கேள்வி ஏதாவது கேட்டால் சும்மா இருப்பாள், கேசட் பதில் சொல்லும் என்பது போல. கடைசியில் இப்படி முடியும்: "குழாய் ஒழுகுது. என்ன அளவு வாஷர் வாங்கணும், சொல்லுங்க." எட்டு டிக் மௌனம். அப்புறம், "நீங்க வராட்டியும் பரவாயில்ல. டேப்பை அனுப்புங்க." டக் என்று நிற்கும்.

அவள் போய் ஒன்பது வருடம். அவள் போன அந்த மாதமே பரணிலிருந்து டேப் ரெக்கார்டரை இறக்கினேன். மோட்டார் தண்டில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் சக்கரம் இரண்டாகப் பிளந்து கிடந்தது. பித்தளையில் ஒன்று கடைந்து போட்டேன். அன்றிலிருந்து ஞாயிறு மாலை நாலு மணிக்கு ஒரு தடவை. ஒரே தடவைதான். டேப் தேயும்.

அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னை அறுத்துக்கொண்டிருந்தது. வராட்டியும் பரவாயில்ல. களைத்துப் போன குரலில், இழுத்து, ஆசையை விட்டுவிட்ட ஒருத்தி பேசுவது போல இருக்கும். நாலு வருடம் ஒருத்தியைத் தனியாக விட்டதற்கு எனக்குக் கிடைத்த சம்பளம் அது என்று நினைத்துக்கொள்வேன். ஆனாலும் கேட்பேன். கேட்காமல் இருக்க முடியாது.

"முதல்ல நீ என்ன செய்வேன்னு காட்டு. அப்புறம் பாக்கலாம்" என்றேன் மகளிடம்.

பெட்டியைத் திறந்தாள். இரண்டு வட்டத் தட்டு, நடுவில் வரிசையாகக் குமிழ்கள்.

"ரெண்டே விஷயம்தான்பா. ஒண்ணு வேகம். இந்த ட்ராக் நிமிஷத்துக்கு நூத்தி முப்பத்திரண்டு அடி. அது நூத்தி இருபத்தொம்பது. அப்படியே சேத்துப் போட்டா இப்படித்தான் இருக்கும்." போட்டாள். மாடிப்படியில் இரண்டு குடிகாரர்கள் இறங்குவது போல இருந்தது. ஒரு குச்சியை மெல்ல மேலே தள்ளினாள். இரண்டு அடியும் நெருங்கி, நெருங்கி, ஒன்றாகிவிட்டன. "ரெண்டாவது சுருதி. இந்த வட்டத்தைப் பாருங்க. கடிகாரம் மாதிரி பன்னெண்டு எண். எட்டுல இருக்கிற ட்ராக் ஏழோட சேரும், ஒம்பதோட சேரும். ரெண்டோட சேராது."

"சேத்தா என்ன ஆகும்?"

சேர்த்துக் காட்டினாள். பல் பொருந்தாத இரண்டு கியரைப் பூட்டி ஓட்டினால் வருமே, அந்தச் சத்தம். என் பல் கூசியது.

"நிறுத்துடி. பல்லு உடையுது."

"அவ்வளவுதான்பா என் வேலை. பல்லு உடையாம பாத்துக்கிறது."

ஒழுங்கான வேலைதான். அவளிடம் சொல்லவில்லை.

டேப்பை நானே கொண்டுவந்து நானே போட்டேன். ஒரு ஒயரை அவள் லேப்டாப்பில் செருகினாள். வாரக் கணக்கு அன்று தவறியது. என் பெண்டாட்டி பேச ஆரம்பித்ததும் மகள் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு கண்ணைத் திறந்து, திரையைப் பார்த்து, வேலையில் இறங்கிவிட்டாள்.

"இந்த முனகல் இருக்கு பாருங்க, இதை அப்படியே ஓட விடணும். கடிகாரச் சத்தத்தை அடியோட சேத்து வெச்சா… ஆனா அம்மாவை நூத்தி முப்பத்திரண்டு வரைக்கும் இழுக்கணும். நிறைய இழுவை."

"இழுக்கறதா?"

"வேகத்தை ஏத்தறதுப்பா. குரல் மாறாம ஏத்தலாம், அதுக்கு வழி இருக்கு."

"அவளை எங்கேயும் இழுக்காதே. இருந்த இடத்துல இருக்கட்டும்."

அவள் திரையில் எதையோ எண்ணிக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து சமையலறைக்குப் போய்ச் சுவர்க் கடிகாரத்தின் அடியில் நின்றாள். அதே கடிகாரம்தான். பேட்டரியைத் தவிர எதையும் மாற்றவில்லை. திரும்பி வந்தவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அப்பா, அம்மாவை ஏற்கெனவே யாரோ இழுத்திருக்காங்க."

"என்ன உளர்றே?"

"கடிகாரம் நிமிஷத்துக்கு அறுபது அடிக்கணும்ல? டேப்ல அம்பத்தஞ்சரைதான் அடிக்குது. மெஷின் மெதுவா ஓடுது. இது அம்மா குரல் இல்லப்பா. அம்மா குரல் இதைவிட மேல."

எனக்கு வந்ததே கோபம். அந்த மெஷினைச் சரி செய்தவன் நான். நாற்பது வருடத்தில் நான் கடைந்த ஒரு உருப்படி அளவு தப்பித் திரும்பி வந்ததில்லை. "அந்தக் காலத்துல பேட்டரி தீந்திருக்கும், கடிகாரம் மெதுவா ஓடியிருக்கும்" என்றேன்.

"பேட்டரி தீந்தா டிக் இடைவெளி நீளாதுப்பா. நின்னுடும்."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றாள் தங்கை, துணியை மடித்துக்கொண்டே.

"நீ வாயை மூடு."

"மூடித்தான் வெச்சிருக்கேன். ஒம்பது வருஷமா."

அவள் அப்படிச் சொன்னதை அப்போது நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. டேப்பைப் பிடுங்கி உறையில் போட்டேன். மகள் ஒயரைச் சுற்றினாள். வாசலில் செருப்பு மாட்டும்போது, "அம்மா எப்படிப் பேசுவாங்கன்னு எனக்கு ஞாபகமே இல்லப்பா. இந்த டேப் மாதிரிதான் பேசுவாங்கன்னு நினைச்சுட்டிருந்தேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்கும் அப்படித்தான்.

நான் யாரையும் நம்புகிறவன் இல்லை. லேப்டாப்பை நம்புவேனா? வெள்ளிக்கிழமை காலையில் கைக்கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு நானே எண்ணினேன். ஐம்பத்தைந்து. மறுபடி எண்ணினேன். ஐம்பத்தாறு. சமையலறைக்குப் போய்ச் சுவர்க் கடிகாரத்தை எண்ணினேன். அறுபது.

டேப் ரெக்கார்டரைப் பிரித்தேன். என் பித்தளைச் சக்கரத்தைக் கழற்றி வெர்னியர் அளவுகோலில் வைத்தேன். ஏழு புள்ளி நாலு மில்லி. அன்று அளந்தது அதுதான், கடைந்தது அதுதான். பழைய பிளாஸ்டிக் சக்கரத்தின் இரண்டு பாதியும் தீப்பெட்டியில் இருந்தன. நான் எதையும் தூக்கிப் போடுவதில்லை. இரண்டையும் சேர்த்துப் பிடித்து அன்று அளந்தது போலவே பிளவுக்குக் குறுக்கே அளந்தேன். ஏழு புள்ளி நாலு. சரியாகத்தானே இருக்கிறது?

பிறகுதான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பிளவின் ஓரத்தைப் பார்த்தேன். வழுவழு என்று இல்லை, பொடிந்து போயிருந்தது. உடைந்தபோது நடுவில் கொஞ்சம் தூளாகக் கொட்டியிருக்கிறது. அந்தத் தூள் இல்லாமல் இரண்டு பாதியையும் ஒட்டினால் குறுக்களவு குறையாமல் என்ன செய்யும்? பிளவின் நீளவாட்டில் அளந்தேன். எட்டு மில்லி. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

முதல் வருடம் கற்றுக்கொள்ள வருகிறவன்கூட உடைந்த உருப்படியை இரண்டு வாட்டிலும் அளப்பான். எட்டுக்கு ஏழு புள்ளி நாலு என்றால் அறுபதுக்கு என்ன? ஐம்பத்தைந்தரை. பட்டறைக் கணக்கு எனக்குத் தெரியும். அவளை அடக்கம் செய்து மூன்று வாரம்கூட ஆகாத நேரம், எந்தக் கண்ணால் அளந்தேனோ.

சனிக்கிழமை பழைய பட்டறைக்குப் போனேன். அங்கே இப்போது மேஸ்திரி, சோடாபுட்டிக் கண்ணாடிக்காரன். எனக்குக் கீழே இருந்தவன்.

"என்ன பெருசு, விரல் நகம் அளவுக்கு ஒரு சக்கரம்? எறும்புக்கு வண்டி கட்டறியா?"

"எட்டு மில்லி. நானே கடைஞ்சுக்கிறேன். நீ தள்ளி நில்லு."

"கண்ணு தெரியுமா?"

"உன் கண்ணாடியைவிட நல்லாத் தெரியும்."

மூன்று கடைந்தேன். மூன்றாவதுதான் மனதுக்குப் பிடித்தது.

வீட்டுக்கு வந்து மாட்டி, டேப்பைப் போட்டேன். நாலு மணி இருக்கும். பட்டனை அழுத்துவதற்கு முன்னால் எனக்குப் பயம் வந்தது. பொய் சொல்லவில்லை.

யாரோ ஒருத்தி பேசினாள். மெல்லிய குரல், அவசரக்காரி. கத்தி பலகையில் டக்டக்கென்று விழுந்தது. நான் உடனே நிறுத்திவிட்டேன். எனக்கு அவளைத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தவள் ஞாயிறுதோறும் வந்து, நிதானமாகப் பேசி, என்னை நோகடித்துவிட்டுப் போவாளே, அவள். ஒன்பது வருடம் அவளோடு இருந்திருக்கிறேன். ஒரு பித்தளைச் சக்கரத்தைக் கழற்றியதும் அவளும் போய்விட்டாள்.

மறுபடி அழுத்தினேன். குழாய் ஒழுகும் இடம் வந்தபோது சமையலறையில் பாத்திரம் விழுந்தது. தங்கை ஈரக் கையோடு ஓடிவந்து கதவருகில் நின்றாள்.

"அண்ணி!"

டேப் ஓடிக்கொண்டிருந்தது. "என்ன அளவு வாஷர் வாங்கணும், சொல்லுங்க." எட்டு டிக். "நீங்க வராட்டியும் பரவாயில்ல. டேப்பை அனுப்புங்க." டக்.

சிரிக்கிறாள். 'பரவாயில்ல' என்ற இடத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசுகிறாள். எனக்குக் கோபம் வர வேண்டும் என்று வேண்டுமென்றே குத்துகிறாள். அப்படித்தான் குத்துவாள். முப்பது வருடம் குத்து வாங்கியவன் அதை மறந்துபோயிருக்கிறேன்.

"இதுதான் அண்ணி" என்றாள் தங்கை. கன்னத்தை ஈரக் கையாலேயே துடைத்துக்கொண்டாள். "இத்தனை வருஷமா ஞாயித்துக்கிழமை ஆனா நீ யாரையோ போட்டுக் கேட்டுக்கிட்டிருந்தே. எனக்கு அந்த ரூமுக்குள்ள வரவே பிடிக்கல."

"சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?"

"நீ அளந்தது தப்புன்னா? உன்கிட்டயா? எனக்கு இருக்கறது ஒரே வீடு."

மகளுக்குப் போன் செய்தேன். "டேப் இருக்கு. வந்து வாங்கிட்டுப் போ. அறுபதுல ஓடுது."

"எப்படிப்பா?" என்றாள்.

"எப்படியோ. அரை மில்லி சொச்சம் தப்பு. என் தப்பு. ஆனா அவளை இழுக்கக் கூடாது."

"இழுக்க மாட்டேன். மத்ததையெல்லாம் இழுக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை தங்கையும் நானும் போனோம். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய கிடங்கு. உயரத்தில் கண்ணாடி ஜன்னல்கள், வெயில் சாய்ந்து விழுந்தது. வாசலில் இருந்தவன், "பெரியவரே, யாரைப் பாக்கணும்?" என்றான்.

"உள்ள இடிக்கிறாளே, அவளோட அப்பன்."

இரண்டு பேருக்கும் காதில் வைக்கப் பஞ்சு கொடுத்தான். உள்ளே போனால் நெஞ்செலும்புக்குள் யாரோ சம்மட்டி அடிப்பது போல இருந்தது. இருநூறு பேர் இருப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஆடுகிறார்கள். சண்டை இல்லை, கூச்சல் இல்லை. தங்கை ஒரு காலிப் பெட்டியைக் கண்டுபிடித்து உட்கார்ந்தாள். நான் மகளின் மேசைக்குப் பக்கவாட்டில் போய் நின்றேன். அவள் என்னைப் பார்த்தாள். தலையை அசைத்துவிட்டு வேலையைப் பார்த்தாள்.

தட்டுகளுக்கு மேலே சிவப்பு எழுத்தில் எண் தெரிந்தது. நூற்று முப்பத்திரண்டு. அடுத்த ட்ராக்கை ஏற்றியபோது நூற்று இருபத்தொன்பது. முந்தின நாள் டேப்பை வாங்க வந்தபோது சொல்லியிருந்தாள், "ஒரே அடியா இறக்கினா ஆடறவன் தடுக்கி விழுவான்பா, மூணு மூணா இறக்கணும்" என்று. நூற்று இருபத்தாறு. நூற்று இருபத்து மூன்று. ஒவ்வொரு தடவையும் ஒரு காதில் ஹெட்போனை வைத்து, குச்சியை நூல் பிடித்தது போல நகர்த்தினாள். ஆடுகிறவர்கள் ஒருவருக்கும் தெரியவில்லை. தோள்கள் மட்டும் கொஞ்சம் தளர்ந்தன. வேகம் குறைந்தது தெரியாமல் குறைப்பது லேசான காரியம் இல்லை. கியர் மாற்றுகிறவனுக்குத் தெரியும்.

நூற்று இருபது. அங்கேயே நிறுத்தினாள்.

முதலில் கடிகாரம் வந்தது. இரண்டு அடிக்கு ஒரு டிக். எங்கள் சமையலறைக் கடிகாரம், கிடங்கு முழுக்க. அடுத்து முனகல். என் பெண்டாட்டி எந்த எண்ணுக்கும் உட்கார்ந்து முனகியவள் இல்லை. மகளின் வட்டத்தில் அவளுக்கு இடமில்லை, இரண்டு எண்ணுக்கு நடுவில் எங்கோ நிற்கிறாளாம். அதனால் கீழே ஓடிய ட்ராக்கின் சுருதியைத்தான் மகள் மயிரிழை மயிரிழையாக நகர்த்தி அவளிடம் கொண்டுவந்து சேர்த்தாள். சேர்ந்தது எனக்கே தெரிந்தது. பல் பல்லில் உட்கார்ந்தது.

"வேற என்ன" என்றாள் அவள். "வேற என்ன."

எல்லோரும் ஆடினார்கள். ஒருத்தருக்கும் அவளைத் தெரியாது. எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் நிறுத்தவும் சொல்லத் தோன்றவில்லை. திரும்பிப் பார்த்தேன், தங்கை உட்கார்ந்த இடத்திலேயே தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

பிறகு மகள் எல்லா அடியையும் சட்டென்று எடுத்துவிட்டாள். ஆடியவர்கள் அப்படியே நின்றார்கள்.

"குழாய் ஒழுகுது. என்ன அளவு வாஷர் வாங்கணும், சொல்லுங்க."

டிக். டிக்.

அந்த மௌனத்தை மகள் வெட்டவில்லை. எட்டு டிக்கையும் அப்படியே விட்டிருந்தாள். நான் ஊருக்கு வந்து இறங்கிய அன்றே குழாயைக் கழற்றி வாஷர் மாற்றிவிட்டேன். ஆனால் அவளுக்குப் பதில் சொல்லவில்லை. மாற்றிய பிறகு பதில் எதற்கு என்று இருந்துவிட்டேன். அவளும் மறுபடி கேட்கவில்லை.

மூன்று. நாலு. இவ்வளவு நேரம் அவள் யாருக்காகவும் சும்மா இருந்ததில்லை, கேசட்டில் தவிர.

"அரை இஞ்ச்" என்றேன்.

ஆறு. ஏழு. எட்டு. டொம் என்று அடி திரும்ப வந்தது. கூட்டம் துள்ளியது. அவளுடைய அடுத்த வாக்கியத்தை மகள் போடவில்லை. அது வீட்டில் இருக்கட்டும் என்று விட்டிருக்கிறாள்.

தங்கை எழுந்து வந்து என் தோளைத் தட்டினாள். பஞ்சோடு கத்தினாள்: "என்னமோ சொன்னியே, என்ன?"

"ஒண்ணுமில்ல. வாஷர்."

சிவப்பு எண் மறுபடி மேலே ஏறத் தொடங்கியது. நூற்று இருபத்து மூன்று. முனகல் அடியில் மூழ்கியது, கடிகாரமும் மூழ்கியது. மகள் அடுத்த ட்ராக்கில் இருந்தாள். நான் மட்டும் அங்கேயே நின்று, கேட்காத கடிகாரத்தை அறுபது வரைக்கும் எண்ணிவிட்டு நகர்ந்தேன்.